போதிய ஆதாரம்

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஜெசிந்தா திரைக்கு முன் அமர்ந்தாள். கோவையில் பதினான்காம் மாடி. வீடும் அதுதான், அலுவலகமும் அதுதான். மருத்துவம் பார்ப்பது கணினிப் பொறி; பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதுவதும் பொறி. சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்க நோய்க்கு ஒரு குறியீடு தேவை; அந்தக் குறிப்பு அதற்குப் போதுமா என்று தீர்ப்பதற்கு மட்டும் ஒரு மனிதர் வேண்டும் என்பது சட்டம். எழுதப்படாதது நடக்கவில்லை என்பது விதி.

அன்று தூத்துக்குடி வேதமுத்துவின் குறிப்பு வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், மனைவியை இழந்தவர். தனிமையை நோயென்று அரசு ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கான குறியீடு கிடைத்தால் தினமும் ஒரு துணையாள் வீடு தேடி வருவார், பொறியல்ல, மனிதர். ஆனால் கிழவர் பொறியிடம், "நல்லாத்தான் இருக்கேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

போதாது என்று தள்ளியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. விளக்கம் கேட்டு நோயாளியை அழைக்க அனுமதி உண்டு, யாரும் அழைப்பதில்லை. அவள் அழைத்தாள்.

அவர் வெகுநேரம் பேசினார். கிரேன் உச்சியிலிருந்து பார்த்த கப்பல்களைப் பற்றி, இடிக்குப் பயந்த மனைவியைப் பற்றி. இடையில் அவள் சிரித்துவிட்டாள். தன் சிரிப்பு அவளுக்கே புதிதாகக் கேட்டது.

அழைப்பு முடிந்ததும் திரை அறிவித்தது: 'மனித உரையாடல் பதிவானது. குறியீடு பொருந்தாது.' தனிமைக் குறியீடு கிடைக்க, ஒரு மாதம் எந்த மனிதரும் நோயாளியிடம் பேசியிருக்கக் கூடாது. விதி அவளுக்குத் தெரியும். தானும் அதில் ஒரு மனிதர் என்பதுதான் தோன்றவில்லை.

மறுபடி அழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"அப்ப ஒரு மாசம் யாரும் பேசாம இருந்தாத்தான் ஆளு வருமோ?"

"ஆமாங்கய்யா."

"அப்ப இனிமே கூப்பிடாதீங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் கூப்பிடவில்லை. எத்தனையோ தடவை கை போனுக்குப் போய்த் திரும்பியது. மாதம் கழிந்து அவர் குறிப்பு மீண்டும் அவளிடமே வந்தது. ஒரு மாதமாக எந்த மனிதரும் அவரிடம் பேசவில்லை; இம்முறை ஆதாரம் போதுமானதாக இருந்தது. ஒப்புதல் அளித்தாள்.

துணையாள் போய்ச் சேர்ந்த பிறகு, இனித் தடையில்லை என்று அழைத்தாள். பின்னால் கேரம் காய்கள் மோதும் சத்தம். யாரோ சிரித்தார்கள்.

"ஆளு வந்திருக்காகம்மா," என்றார் அவர், குரலெல்லாம் மகிழ்ச்சி. "ஆட்டம் நடுவுல நிக்கி. பெறவு பேசுவோமா?"

"சரிங்கய்யா," என்றாள். அழைப்பு அறுந்த பிறகும் இன்னொரு முறை சரி என்றாள். அதைக் கேட்க அறையில் யாருமில்லை.