துர்ஃபாவின் ஏடு

எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத்து யூத ஜெப ஆலயத்தில் பெண்கள் மாடத்துக்கு முந்தின நாள்தான் வெள்ளையடித்திருந்தார்கள். அந்தச் சுண்ணாம்பு வாடையில் நீதிமன்ற எழுத்தர் கலஃப் பேனா சீவிக்கொண்டிருந்தபோது ஜவ்ஹரா வந்தாள். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள்.

“எங்கம்மா துர்ஃபா எழுதின பாட்டை, நாளைக்கு நோன்புல பாடகர் யெஷுவா தன் பாட்டுன்னு பாடப்போறாரு. கேட்டா, ‘உங்கம்மாவுக்கு எழுத்தே தெரியாது, அப்படி ஒரு கவியே இருந்ததில்ல’ங்கிறாரு. ஊரும் தலையாட்டுதுய்யா.”

“பாட்டு எழுதின ஏடு எங்கே இருக்கு?”

“அம்மா செத்த வாரம், படிச்சுட்டுத் தர்றேன்னு பெட்டியோட வாங்கிட்டுப் போனாரு. நேத்து முழுக்க அவர் அடுப்புல காகிதம் எரியிற வாடை.”

கலஃபின் மச்சான் நதீவ் துள்ளி எழுந்தான். “அந்தாளு குரல்வளையை நெரிக்கிறேன்!”

“நாளைக்குப் பாட குரல் வேணும், விடு” என்றார் கலஃப்.

மூவரும் யெஷுவா வீட்டுக்குப் போனபோது அவர் வாசலிலேயே நின்றார். தோளிலும் தலைப்பாகையிலும் வெள்ளைப் பூச்சு.

“பெட்டியில வெறும் சமையல் குறிப்பு. அடுப்புல போட்டேன்.”

“வெள்ளையடிக்கிற வேலையும் பாக்கறீங்களோ?” என்று நதீவ் கிண்டலடித்தான். பாடகர் தோளைத் தட்டிக்கொண்டார்.

தெருவில் கலஃப் நின்றார். “ஜவ்ஹரா, அந்தப் பாட்டுல கடவுளோட திருநாமம் வருதா?”

“அடிக்கு அடி வருது.”

“அப்ப ஏடு எரியலை. திருநாமம் எழுதின காகிதத்தை எரிக்க நம்மள்ல யாருக்குக் கை வரும்? பாட்டைத் திருடினவனுக்கும் வராது. திருநாமம் எழுதின பழைய காகிதங்களைப் போட்டு வைக்கிற ஏட்டறையிலதான் போட்டிருப்பான். அதுக்கு வாசல் கிடையாது. மாடத்துச் சுவர்ல ஏணி சாத்தி, மேல இருக்கிற ஓட்டை வழியா போடணும். தோள்ல ஒட்டின சுண்ணாம்பு அங்கே உரசினதுதான்.”

நதீவ் ஏணியில் பறந்தான். நூறு வருடக் குப்பையின் உச்சியிலேயே அந்த ஏடு கிடந்தது. பொடி எழுத்து, அடித்து அடித்துத் திருத்திய வரிகள். திருப்பிப் பார்த்தவன் ஓட்டைக்குள்ளேயே கத்தினான்.

மாலைத் தொழுகைக்கு முன், பெரியவர்கள் நடுவில், கலஃப் அந்த ஏட்டை யெஷுவாவிடம் நீட்டினார். “பின்பக்கத்தைப் படிங்க.”

ஊரையே உருக்கும் குரல் அன்று தாழ்ந்து ஒலித்தது. “கவி துர்ஃபா அம்மையாருக்கு. சென்ற நோன்பில் தங்கள் பாட்டைக் கேட்டுச் சபையே அழுதது. இவ்வருடமும் ஒன்று எழுதித் தரவும். பாடகர் யெஷுவா.”

“காகிதத்தை வீணாக்காத மகராசி, நீங்க எழுதின கடுதாசி முதுகுலயே பாட்டை எழுதிட்டாங்க” என்றார் கலஃப். “உங்க கடுதாசியை மட்டும் தனியா கிழிக்க வழியில்ல. மறுபக்கம் திருநாமமாச்சே.”

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையாட்டியவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

ஜவ்ஹரா ஒரு எட்டு முன்னே வந்தாள். “அம்மாவோட மத்த பாட்டெல்லாம்?”

யெஷுவா தலையைக் குனிந்துகொண்டார். “அதுல திருநாமம் இல்லம்மா.”

 அழ மட்டும் மாட்டேன் என்று ஜவ்ஹரா நின்றாள்.

“அப்ப இந்த ஒண்ணையாவது நல்லாப் பாடுங்க. முதல்ல எங்கம்மா பேரைச் சொல்லிட்டு, அப்புறம் பாடுங்க.”