எந்த ஃபங்ஷன் கொன்றது?

டெலிபோன் அலறியது.

"டோரீன்! ஏர்ல் ஹட்சின்ஸ் செத்துட்டாரு!"

பிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டவர். டோரீன் பலுக்கின் கம்ப்யூட்டர் புரோகிராம் சொன்ன அளவைத்தான் மெஷின் பாய்ச்சியது.

ஒன்பது மடங்கு அதிகம்!

மதியத்துக்குள் டிடெக்டிவ் ஹ்ரூபா வந்துவிட்டார். டோரீனின் மேலதிகாரி லைல் விட்மர் தயாராகக் காத்திருந்தான்.

"புரோகிராம்ல கணக்குப் போட்ட பகுதி, அந்த சப்ரூட்டீன், இவளோடது சார்!"

"அது கூட்ட மட்டும்தான் செய்யும் ஆபீசர்!" டோரீன் பதறினாள். "எதைக் கூட்டணும்னு வெளியிலருந்து ஒரு ஃபங்ஷனைக் கையில குடுப்பாங்க. நோயாளியோட எடைக்கு எவ்வளவு கதிர்னு அதுதான் சொல்லும். எதைக் குடுத்தாலும் கூப்பிட்டு வேலை வாங்கும்... சரியா தப்பானு பாக்காது!"

"அந்த ஃபங்ஷனை எழுதினது?"

"லைல்!"

"பச்சைப் பொய்! அதுவும் இவ எழுதினதுதான். அதை எழுதின துளை அட்டையெல்லாம் குப்பையோட எரிஞ்சு போச்சு. நிரூபிக்கட்டும் பாப்போம்!"

ஜெயிலுக்குப் போனால் ஐந்து வயது மகள் ட்ரேசிக்கு யார் இருக்கிறார்கள்? டோரீன் அழுதாள்.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"அட்டை எரிஞ்சா என்ன? மெஷின் பாஷைக்கு மாத்தி கம்பைல் பண்ணினது டிஸ்க்ல இருக்கே!"

லைல் சிரித்தான். "வெறும் ஒண்ணும் பூஜ்யமும். படிச்சுக் கிழிப்பியா?"

"படிக்க வேணாம். விசாரிச்சா போதும்!"

புதிதாக ஒரு குட்டி சப்ரூட்டீன் எழுதினாள். எந்த ஃபங்ஷனைக் கொடுத்தாலும் அதனிடம் ஒவ்வோர் எடையாகக் கேட்டு, வந்த பதிலை அச்சடிக்கும். அவ்வளவுதான். அதன் கையில் அந்த ஃபங்ஷனைக் கொடுத்தாள்.

பிரின்ட்டர் தடதடத்தது.

நூறு பவுண்டு... சரி. நூற்றைம்பது... சரி. இருநூறு... அதுவும் சரி!

போச்சு! டோரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் லைலுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது?

இருநூற்று இருபத்தெட்டு... இருபத்தொன்பது...

லைல் கம்ப்யூட்டரை நிறுத்தும் சிவப்பு சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான்!

ஹ்ரூபா அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"எங்கடா ஓடுற? முடியட்டும்!"

இருநூற்று முப்பது... ஒன்பது மடங்கு!

இருநூற்று முப்பத்தொன்று... சரி.

"ஏர்லோட எடை இருநூத்தி முப்பது," என்றாள் டோரீன். "அந்த ஒரு எடைக்கு மட்டும் விஷம் வச்சிருக்கான்!"

லைல் தரையில் சரிந்தான்.

"ஏர்ல் பொண்டாட்டி குளோரியா எங்கூட வரேன்னா... அவன் விடலையே!"

ஹ்ரூபா அச்சடித்த தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வக்கீல் வேணும்னு கேக்காம அத்தனையும் கக்கின சாட்சி, என் சர்வீஸ்ல இந்த ஃபங்ஷன் ஒண்ணுதாம்மா!"