பம்ப் நின்ற பிறகு

குன்னூர் பக்கம் ஜெகதளாவைத் தாண்டி ஜீப் மேட்டில் ஏறியபோது மூடுபனி ரோட்டை விழுங்கிவிட்டது. பட்டப்பகலில் டிரைவர் விளக்கைப் போட்டார். பின்சீட்டில் ரஞ்சனி பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மேட்டுப்பாளையத்தில் அண்ணன் மகளுக்குக் காது குத்து. மண்டபத்தில் ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் போன் வந்துவிட்டது.

“மறுபடியும் நின்னு போச்சுங்க மேடம்.”

மழை தொடங்கியதிலிருந்து இதேதான். எதற்கு லீவு போட்டாலும் இதேதான்.

தேயிலைச் சரிவைக் குடைந்து கட்டிய கட்டடம் அது. முன்பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும். மீதி முழுக்க மலைக்குள். உள்ளே கனமான கான்கிரீட் அறையில் ஒரு துகள் முடுக்கி. கண்ணுக்குத் தெரியாத துகள்களைச் சுழற்றி வேகமேற்றி, டார்கெட் என்கிற சின்ன உலோகக் கிண்ணத்தின்மேல் பாய்ச்சும். அந்தக் கிண்ணத்துக்குள் உண்டாகிற மருந்து ஈயப்பெட்டியில் ஏறிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும். புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கிற ஸ்கேனுக்கு அதுதான் வேண்டும். சில மணி நேரம்தான் அதற்கு உயிர். இன்று செய்ததை நாளைக்கு வைக்க முடியாது.

பீம் என்கிற அந்தத் துகள் பாய்ச்சலின் சூட்டுக்கு டார்கெட் உருகாமல் இருக்க, அதைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் மெஷின் தானாக நின்றுவிடும். அந்தத் தண்ணீரை ஓடவைப்பதுதான் ரஞ்சனியின் வேலை.

அதுதான் ஓடமாட்டேன் என்கிறது.

பம்ப் ரூமில் மரியஅந்தோணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டெக்னீஷியன், அவளைவிட வயதில் மூத்தவர்.

“காலைல நல்லாத்தாங்க மேடம் ஓடுச்சு. பீம் போட்டதும் தண்ணி கொறைஞ்சு கொறைஞ்சு, சுத்தமா நின்னுருச்சு.”

“பம்ப மாத்தியாச்சு. வால்வ மாத்தியாச்சு. ஃப்ளோ பாக்கிற சென்சார மாத்தியாச்சு. இன்னும் என்னைத்தான் மாத்தல,” என்றாள் ரஞ்சனி.

பட்டுப்புடவையின் மேலேயே நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு ஃபில்டரைத் திறந்தாள். மூடி கழன்றதும் ஒரு வாசனை வந்தது. மழை நாளில் மூட்டையில் கட்டிவைத்த பச்சைக் கொழுந்தின் வாசனை.

வலையில் தேயிலை இருந்தது.

வறுத்துக் காயவைத்த தூள் இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து. வலை முழுக்க அப்பியிருந்தது. கிள்ளிய இடத்தில் காம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

மூடிய குழாய்ச் சுற்று அது. சுத்திகரித்த தண்ணீரை ஊற்றிப் பூட்டி வைத்தது. ஓர் எறும்புகூட உள்ளே போக வழி கிடையாது.

“யார் போட்டது?”

“மேடம்?”

“இதை யாரு உள்ள போட்டது, அண்ணா? நீங்களும் நானும் தவிர இந்த ரூமுக்கு வர்றது யாரு?”

மரியஅந்தோணியின் முகம் சுருங்கிப்போனது. “என் புள்ளைங்க மேல சத்தியமாங்க மேடம்,” என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஈவ்லின் கூப்பிட்டாள். ஸ்கேன் பிரிவில் மருந்து ஏற்றுகிறவள்.

“மேடம், இன்னிக்கும் இல்லீங்களா? நோயாளிங்க நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுமே சாப்பிடாம வந்து படுத்திருக்காங்க. தாராபுரத்துல இருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. நாலாவது தடவ திருப்பி அனுப்பறேன்.”

“நாளைக்குத் தந்துர்றேங்க.”

“நேத்தும் இதையேதாங்க சொன்னீங்க.”

ரஞ்சனி போனை வைத்தாள். அழுகை வரவில்லை, யாரையாவது அறையவேண்டும்போல இருந்தது. ஃபில்டரைக் கழுவி மாட்டினாள். புதிதாக மாற்றியும் குழாயில் ஒரு வால்வு அவ்வப்போது சிக்கிக்கொள்ளும். ஸ்பேனரால் தட்டினால் விடும். இரண்டு தட்டு, நிறுத்தி, இன்னொரு தட்டு. அவள் கைப்பழக்கம். இன்றைக்கு இருந்த எரிச்சலில் ஓங்கியே தட்டினாள்.

டொக் டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம், கான்கிரீட் அறைக்குள்ளிருந்து, மெல்லிய சத்தம் ஒன்று குழாய் வழியே வந்தது.

டொக் டொக். டொக்.

‘இரும்பு குளிர்ந்து சுருங்குகிறது’ என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை பம்ப் ரூமுக்குப் புதுப் பூட்டு போட்டுச் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவளே திறந்தாள், அவளே பம்பைப் போட்டாள். பீம் வந்தது. தண்ணீர் குறைந்தது. மெஷின் நின்றது. வலையில் கொழுந்து. அதற்கு மறுநாளும் அதுவே.

சென்னையிலிருந்து நிறுவனத் தலைவர் தரணிதரன் பேசினார். “நான் வேற ஒன்னும் கேக்கல ரஞ்சனி. தண்ணி ஓடணும். ஓடலைன்னா ஏன் ஓடலைன்னு சொல்லணும். தேயிலைங்கறீங்க. அதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?”

“வந்து பாருங்க சார்.”

“வந்தா ஓடிருமா?”



அன்று மத்தியானம் கதிர்வீச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ரஞ்சனியும் மரியஅந்தோணியும் கான்கிரீட் அறைக்குள் போனார்கள். டார்கெட்டுக்குப் போகிற குழாயை அங்கேயே கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பம்பை நிறுத்தி, மின்சாரத்தையும் துண்டித்தாகிவிட்டது. உள்ளே மூச்சுவிடுகிற சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பியது. மெஷின் அறையில் எப்போதும் எண்ணெயும் சூடான ரப்பரும் மணக்கும்.

இன்றைக்கு ஈரமண் மணந்தது.

ரஞ்சனி ஸ்பேனரை எடுத்துப் பழக்கத்தில் குழாயைத் தட்டினாள். இரண்டு. நிறுத்தி, ஒன்று.

பதில் உடனே வந்தது.

டொக் டொக். டொக்.

பம்பின் பக்கமிருந்து இல்லை. எதிர்ச்சுவரிலிருந்து. அந்தச் சுவருக்குப் பின்னால் அறை எதுவும் கிடையாது. மலைதான்.

மரியஅந்தோணி மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார். “மேடம், பம்ப் நின்னிருக்குங்க.”

“தெரியும்.”

“தட்டாதீங்க.”

அவள் தட்டவில்லை. ஆனாலும் மறுபடி கேட்டது. இந்தத் தடவை வேகமாக. இன்னும் வேகமாக. விரல் எலும்பால் தட்டுவதுபோல, நிறுத்தினால் செத்துவிடுவோம் என்பதுபோல.

டார்கெட்டின் பக்கத்துக் குழாய் அவள் கைக்குக் கீழே அதிர்ந்தது. பிறகு வெதுவெதுப்பானது. உள்ளங்கையளவு இடம் மட்டும். யாரோ அந்தப் பக்கமிருந்து கையை வைத்த மாதிரி.

வெளியே வந்ததும் மரியஅந்தோணி நிற்காமல் கேன்டீன்வரை நடந்தார். ரஞ்சனியும் பின்னாலேயே போனாள். அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இதை எந்த ரிப்போர்ட்டில் எழுதுவது? எந்த உதிரிப்பாகத்தை வரவழைப்பது?

“அண்ணா, அன்னிக்கு உங்களச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிருங்க,” என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

டீ கொண்டுவந்து வைத்த சின்னம்மை போகாமல் நின்றாள். கேன்டீனில் சமைக்கிறவள். சிலோனிலிருந்து திரும்பிவந்து இந்தச் சரிவிலேயே கொழுந்து எடுத்த குடும்பம்.

“தட்டுற சத்தம் கேட்டுச்சாம்மா?”

ரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். “யாரு சொன்னா?”

“அந்தோணி அண்ணன் வெளிய வந்த மொகத்தப் பாத்தேன்.” சின்னம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். “நீங்க மெசின் வச்சிருக்கீங்களே, அந்த எடத்துலதான் நாங்க குடியிருந்த லயம் இருந்துச்சு. ஒரு மழையில மேல இருந்த மேடு அப்பிடியே வந்து மூடிருச்சு. மத்தவங்கள எல்லாம் எடுத்துட்டாங்க. எங்க அக்கா மாரியாயிய மட்டும் எடுக்க முடியல. கொழுந்து எடுத்துட்டு வந்து, கூடைய எறக்கி வைக்க உள்ள போனவ.”

யாரும் டீயைத் தொடவில்லை.

“உள்ள இருந்து தட்டுனாம்மா. தகரத்துலயோ, தண்ணிக் கொழாயிலயோ. நாங்க மேலருந்து கடப்பாறையால திருப்பித் தட்டுனோம். ‘வந்துட்டு இருக்கோம், பயப்படாத’ன்னு. ரெண்டு தட்டு, விட்டு ஒண்ணு. அவளும் அதே மாதிரி தட்டுனா. அப்புறம் மறுபடி மேடு சரியப்போவுதுன்னு எல்லாரையும் கீழ எறக்கிட்டாங்க.” “நாங்க போனப்பவும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தா.”

ரஞ்சனி தன் கையைப் பார்த்தாள். மழை தொடங்கிய நாளில்தான் அந்த வால்வு முதன்முதலாகச் சிக்கியது. அன்றுதான் முதன்முதலாகத் தட்டினாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

வந்துட்டு இருக்கோம். வந்துட்டு இருக்கோம்.

சட்டப்படி கேன்டீன்காரர்கள் யாரும் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. வேறொரு நாளாக இருந்திருந்தால் ரஞ்சனி அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டாள். ஆனால் ஈவ்லினுக்கு நாளைக்கும் இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. கதிர்வீச்சை இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, சின்னம்மைக்குக் கோட்டு மாட்டி உள்ளே கூட்டிப்போனாள். மரியஅந்தோணி கதவருகே நின்றுகொண்டார்.

சின்னம்மை அந்தப் பெரிய மெஷினை ஏறிட்டும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் கன்னத்தை வைத்தாள்.

“அக்கா.”

தட்டல் நின்றது.

“நான் சின்னம்மை பேசறேன். யாரும் வரமாட்டாங்கக்கா. அன்னிக்கே எல்லாரும் எறங்கிப் போயிட்டோம். நீ காத்துக்கிட்டுக் கெடக்காத.” அவள் தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் வரவில்லை. “வழி கெடச்சா வெளிய வந்துரு, அக்கா. எது வழியாவது வந்துரு.”

சுவரில் எதுவோ மெல்ல உரசியது. நகம் மண்ணில் இறங்குவதுபோல. பிறகு குழாய்க்குள் தண்ணீர் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

அவ்வளவுதான். ஈரமண் வாசனை போய், எண்ணெயும் ரப்பரும் மணந்தது.

மறுநாள் காலை பம்பைப் போட்டபோது ரஞ்சனி ஸ்பேனரைத் தொடவே இல்லை. பீம் வந்தது. தண்ணீர் ஓடியது. ஓட்டத்தைக் காட்டுகிற முள் அசையவில்லை. மருந்து முழுசாகத் தயாராகும்வரை மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஃபில்டரைத் திறந்து பார்த்தார்கள். வலை பளபளவென்று வெறுமையாக இருந்தது. மரியஅந்தோணி பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார்.

ஈயப்பெட்டியை ஏற்றிக்கொண்டு வண்டி குன்னூர் வளைவுகளில் இறங்கிப் போனது. தரணிதரன் போனில், “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேன்டீனில் உட்கார்ந்து தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டாள். வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது.

கை கழுவும்போது ஈவ்லின் கூப்பிட்டாள்.

“மருந்து வந்துருச்சுங்க மேடம். எல்லாருக்கும் ஏத்தியாச்சு.” குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“ரொம்ப சந்தோசங்க. தாராபுரத்து அம்மாவுக்கு?”

“அவங்களுக்கும்தான். அதத்தாங்க கேக்கலாம்னு... மருந்துல எதாவது மாத்தியிருக்கீங்களா?”

ரஞ்சனி தண்ணீரை நிறுத்தினாள். “இல்லீங்களே. ஏன்?”

“ஊசி போட்டதும் தனித்தனி ரூம்ல படுக்க வைப்போமில்லீங்களா, வெளிச்சத்தைக் கொறைச்சு, பேசாம அசையாம. எல்லாரும் தூங்கிட்டாங்க. ஆனா கை மட்டும் கட்டில் கம்பியத் தட்டுதுங்க மேடம். ஒரு ரூம்ல இல்ல. எல்லா ரூம்லயும். ஒரே மாதிரி.”

ஈவ்லின் போனை எதன் பக்கத்திலோ கொண்டுபோனாள்.

டொக் டொக். டொக்.

“ஈவ்லின், நான் சொல்றதக் கேளுங்க. யாரும் திருப்பித் தட்டாதீங்க. தயவுசெஞ்சு யாரையும் தட்ட விட்றாதீங்க.”



“மேடம்,” என்றாள் ஈவ்லின், “இங்க ஒரு சிஸ்டர் வெளையாட்டா இப்பத்தான் தட்டுனாங்க.”

சத்தம் நின்றது.

பிறகு எல்லா அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில், வேகமாக, இன்னும் வேகமாக, ஆரம்பித்தது.