வெளியே பூட்டிய கதவு

வெள்ளத்தில் வீடு போனவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் அவளுக்கு நாலாம் மாடி கிடைத்தது. இனி எந்தத் தண்ணீரும் எட்டாது, கொடுத்துவைத்தவள் என்றார்கள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளான அவள், சின்னவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறினாள். புது வீட்டில் சுண்ணாம்பு வாசனைதான் வர வேண்டும். சேற்று வாடை அடித்தது.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டுவது பழைய தெருவில் வழக்கம். வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்? வெள்ளம் வந்த அன்று சின்னவளுக்குக் காய்ச்சல் என்று கூடவே தூக்கிப் போனாள். பெரியவளை உள்ளே விட்டுப் பூட்டினாள். சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்தப் பூட்டைத் திறக்க முடிந்தது.

அதிலிருந்து எந்தக் கதவைப் பூட்டினாலும் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

வாரந்தோறும் வரும் நர்ஸம்மா நல்லவள். மாத்திரை கொடுப்பாள், கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். அந்த மாடியில் பாதிப் பெண்கள் அதே மாத்திரையைத்தான் விழுங்கினார்கள். ஒருத்திக்கு மழை ஆகாது, இன்னொருத்திக்குக் குழாய்ச் சத்தம் ஆகாது.

"கதவு தட்டுறது உங்க மனசு போடுற சத்தம்மா. திரும்பிப் பார்க்காம நடந்து போங்க, தானா அடங்கிடும்."

இனியும் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியனுப்பினார். இஸ்திரிப் பெட்டி இருக்கும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்து வரவும் கூடாதாம். வேலையை விட்டால் இருவரும் பட்டினி. அவள் சின்னவளுக்குச் சோறு எடுத்து வைத்தாள். பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டினாள்.

தட்டும் சத்தம்.

மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு "அம்மா" என்று ஒரு குரல்.

நர்ஸம்மா சொன்னபடியே அவள் திரும்பிப் பார்க்காமல், காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள்.

வெயில் இறங்குமுன்னே ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். தரை காய்ந்து கிடந்தது. சின்னவளைக் காணோம்.

மேலே ஏதோ சொட்டியது.

அவளுக்கே எட்டாத பரணில் சின்னவள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தலையும் கவுனும் நனைந்து, சேறு அப்பியிருந்தது. அவள் நாற்காலி மேல் ஏறி, பிள்ளையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"யாருடி உன்னை ஏத்தினது?"

"தண்ணி வந்துச்சும்மா. கதவைத் தட்டினேன், நீ வரல. அக்காதான் தூக்கி விட்டா." பிள்ளை மூக்கை உறிஞ்சியது. "அக்காவைத் தூக்கி விடத்தான் யாரும் இல்ல."

பிள்ளையோடு வெளியே ஓடி வந்தவளுக்கு அதற்கு மேல் கால் நகரவில்லை. ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியை விட்டுப் போவது இது இரண்டாம் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை சின்னவளும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, அக்காவுக்குத் திறந்து விடும்மா."

கதவு விரியத் திறந்துதான் கிடந்தது.