நாற்பது நாற்காலி

"அந்தக் கூடைய நான் பேசிட்டேன்... எடுக்காதீங்க!"

பெரிய மார்க்கெட்டின் பூக்கடை வரிசையில் மழைநீர் கணுக்கால் வரை நின்றது. லாரி வராததால் மிஞ்சியது ஒரே ஒரு கூடை சாமந்தி. அதன் ஒரு பக்கத்தைச் சுடர்விழி பிடித்திருந்தாள். மறுபக்கம், நனைந்த சட்டையோடு ஒரு நெடிய இளைஞன்.

"நான்தாங்க மொதல்ல வந்தேன்," என்றான் அவன்.

"எங்க வீட்ல விசேஷம். உங்களுக்கு அப்படி என்னா தலைபோற அவசரம்?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். தூங்கிப் பல நாளான கண்கள்...

"இன்னிக்கு எங்கம்மாவுக்குக் கருமாதி."

அவள் கை தானாக விலகியது. ஐயோ... என்ன வார்த்தை சொல்லிவிட்டேன்! அவன் பூவில் பாதியை அவள் பைக்குள் அள்ளிப் போட்டான். "அம்மாவுக்கு இது போதும். எங்க போவணும்? வெளியில ஆட்டோ ஒண்ணும் இல்ல."

அவன் பெயர் புருஷோத்தமன். காலாப்பட்டு மீனவக் குப்பத்துக்காரன். மீன் ஏற்றும் சின்ன வேன் ஓட்டுகிறான். உப்பளத்தில் அவள் வீடு வரும்வரை, ஏனென்று தெரியாமலே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா கண்ணையனுக்கு இன்று அறுபது வயது. மில்லில் பஞ்சுத் தூசு தின்ற நுரையீரல். இனி சில நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒருதரம் ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட வேண்டும், அப்பாவின் ஆசை அவ்வளவுதான்.

"வருவாங்களா?"

"ரெண்டு வருசம் முன்னாடி நிச்சயம் பண்ண கல்யாணத்த வேணாம்னு நிறுத்துனேன். அதிலேர்ந்து யாரும் பேசறதில்ல..." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நாப்பது நாற்காலி சொல்லியிருக்கேன்."

இறங்கும்போது சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னாள். "சாயங்காலம் வாங்க."

"துக்க வீட்டுக்காரன் விசேஷத்துக்கு வரலாமாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் வேன் மழைக்குள் மறைந்தது.

சாயங்காலம் ஆறு மணி... ஆறரை... மொட்டை மாடிப் பந்தலின் கீழே முப்பத்தொன்பது நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் அத்தை நிர்மலாதேவி மட்டும். புதுச்சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்த கண்ணையன், படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தார். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கவே சுடர்விழிக்குக் கை வரவில்லை.

"மழைடா அதான்," என்றார் அப்பா, மூச்சு வாங்க. அவளுக்குச் சமாதானம் சொல்கிறாராம்!

ஏழு மணிக்கு வாசலில் வேன் நின்றது. புருஷோத்தமன் ஏறி வந்தான். பின்னால் தலையைத் துவட்டிக்கொண்டே ஒன்பது பேர்.

"எங்க சொந்தக்காரங்க. கருமாதி முடிஞ்சிடுச்சு. பதினாறு நாளா கறி இல்லாம எல்லாருக்கும் வாய் செத்துப்போச்சு... சோறு இருக்குங்களா?"

சுடர்விழியின் முகம் சுருங்கியது. "பாவம்னு ஆள் புடிச்சிட்டு வந்தீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் தலை கவிழ்ந்தது. திரும்பிப் படியில் கால் வைத்தான்.

"எங்க போறீங்க தம்பி? ஒக்காருங்க," என்றார் கண்ணையன். அதற்குள் கூட்டத்திலிருந்த மணியம்மாள் என்ற கிழவியை அவர் கண்கள் அடையாளம் கண்டுகொண்டன. "நீ... மில்லு வாசல்ல மீன் வித்தவதானே?"

"ஷிப்டு வுட்டதும் ஓடியாந்து கெளுத்தி கேப்பியே, அந்த கண்ணையனா நீ!"

அப்பா சிரித்தார். இருமலோடு, கண்ணில் நீரோடு, நெடுநேரம் சிரித்தார். வாழையிலைகள் விரிந்தன. அண்டா திறந்தது. அத்தை மட்டும் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

பன்னிரண்டாம் நாள் கண்ணையன் இறந்துபோனார்.

அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. செய்தி கேட்டு வந்த புருஷோத்தமன்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான். அப்போது அத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"சாவு வீட்டு ஜனத்தப் பந்தியில ஒக்கார வெச்சா வேற என்னா நடக்கும்? இவன் கால் வெச்ச நேரம், எங்கண்ணன் போய்ட்டான்!"

அவன் சுடர்விழியைப் பார்த்தான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நாற்காலியை மெல்லக் கீழே வைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

அதன்பிறகு வரவேயில்லை. ஒரு மாதம் இரவும் பகலும் அந்தப் பார்வை அவளைத் தின்றது. மார்கழியில் வானம் மூடியிருந்த ஒரு காலையில் காலாப்பட்டு பஸ் ஏறினாள்.

கரையில் மீன்பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் நின்றான். இளைத்திருந்தான்.

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்..." அவள் அவனருகே வந்தாள். "நேத்து அத்தைகிட்ட சொல்லிட்டேன். எங்கப்பா கடைசியா சிரிச்சது இவராலதான், இனிமே இவரப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு. லேட்டுதான். தெரியும்."

"அவங்க சொன்னதுல கோவம் இல்லீங்க. நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களோன்னுதான்..."

"நெனைக்கல. ஒரு நாளும் நெனைக்கல." கடற்காற்றில் தூறல் தெறித்தது. "மன்னிப்பு கேக்க மட்டும் வரல நான். எனக்கு உங்கள புடிச்சிருக்கு. துக்கத்துல ஒளர்றேன்னு நெனைக்காதீங்க..."

அவன் கையிலிருந்த பெட்டியை மணலில் இறக்கி வைத்தான்.

"பாவம்னு ஆள் புடிச்சிட்டு வந்தீங்களான்னு கேட்டீங்களே... அதுக்கு இல்ல. உங்கள மறுபடியும் பாக்கணும்னு இருந்துச்சு. அம்மாவுக்குக் கருமாதி பண்ணிட்டு, ஒரு பொண்ணோட கண்ணு ஞாபகம் வருதேன்னு என்மேலயே வெறுப்பா இருந்துச்சுங்க. யார்கிட்டயும் சொல்லல."

அவள் அழுதாள். பின்பு அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"கையெல்லாம் மீன் செதிலுங்க..." என்று கூச்சத்தோடு இழுத்தான்.

"இருக்கட்டும்," என்றாள். விடவில்லை.