தந்தூரின் காற்றுவழி

அன்று காற்று பலமாக அடித்ததால் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் வெப்பக்காற்று பலூன்கள் எதுவும் பறக்கவில்லை. ஆனாலும் விடியும் நேரத்தில் நஸ்மியேவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பலூனுக்குள் தீயைத் திறந்துவிடும்போது எழுகிற நீண்ட மூச்சு. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் தூக்கத்திலும் அதை அடையாளம் சொல்லிவிடுவார்கள். சன்னலைத் திறந்து பார்த்தாள். கூம்புப் பாறைகளுக்கு மேலே வெறும் சாம்பல் வானம். சத்தம் மீண்டும் வந்தது. தலைக்கு மேலிருந்து அல்ல. காலுக்குக் கீழிருந்து.

அவள் கணவன் வெதாத் பலூன் ஓட்டியவன். ஆகாயத்தில் அவனுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இலையுதிர் காலத்தில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு இடம் வேண்டும் என்று வீட்டு நிலவறையின் பாறைச்சுவரைக் குடைந்தான். இடம் போதாவிட்டால் எல்லோரும் செய்வதுதான். சுவர் உடைந்து, பழங்காலத்து மனிதர்கள் ஒளிந்து வாழ்ந்த நிலத்தடி வீடுகளுக்கு வழி திறந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் திரும்பவில்லை. தேடிப்போனவர்கள் பார்த்தது, வழியை அடைத்து நின்ற வட்டக் கல்கதவை மட்டும்தான். அதை உள்ளிருந்துதான் உருட்ட முடியும். உடைத்தால் மேலே இருக்கும் வீடுகளும் சரியும் என்றார்கள். பிறகு நிலவறைச் சுவரையும் பூசிவிட்டார்கள்.

அவளுக்கு மிஞ்சியது தந்தூர். கூடத்தின் நடுவில் தரைக்குள் புதைத்த அடுப்பு. அதன் அடியிலிருந்து ஒரு காற்றுவழி பாறைக்குள் எங்கோ இறங்கிப் போகிறது. பனிக்காலத்தில் தணலுக்கு மேல் குட்டை மேசை போட்டு, அகலமான பஞ்சுப் போர்வை விரித்து, சுற்றி அமர்ந்து குழிக்குள் கால்களைத் தொங்கவிடுவார்கள். வெதாத் வேலையிலிருந்து வந்ததும், உறைந்த பாதங்களை அவள் பாதங்கள் மேல் வைப்பான். அவள் கத்துவாள். அவன் சிரிப்பான்.

வெதாத்தின் தங்கை ஹுர்மெத் சூப்புப் பாத்திரத்தோடு வந்தாள்.

“இன்னுமா அந்தக் காத்துவழிய அடைக்கல? வீடு கெணறு மாதிரி சில்லுனு கெடக்கு அண்ணி.”

“அடைச்சா அவருக்கு மூச்சு முட்டாதா?”

ஹுர்மெத் போர்வையை இழுத்துவிட்டு, குழிக்குள் கால்களை இறக்கி எதிரே அமர்ந்தாள். தணல் நன்றாகவே சிவந்திருந்தது. ஆனால் குழியிலிருந்து ஈர மண்ணும் பழைய புகையும் கலந்த வாடை வந்தது. கீழே ஏதோ கனமான ஒன்று மெதுவாக உருண்டு, நின்றது.

“உங்க பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பொழுது விடியக்கூடாது, பீப்பாய உருட்ட ஆரம்பிச்சிடுறான்” என்றாள் ஹுர்மெத். சற்றுக் கழித்து முகத்தைச் சுளித்தாள். “கால எடுங்க அண்ணி, ஐஸ் கட்டியாட்டம் இருக்கு. அண்ணனோட கெட்ட பழக்கம் ஒங்களுக்கும் தொத்திக்கிச்சா?”

நஸ்மியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எடுத்துட்டேன்” என்றாள். “சூப்பு ஆறிப்போச்சு. கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டாயேன்.”

ஹுர்மெத் எழுந்து அடுக்களைக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கால்களைக் குழிக்குள் இறக்கினாள்.

வந்தன. இரண்டு பாதங்கள், அவள் பாதங்கள் மேல். சில்லென்று. அதே கனம். வலது கட்டைவிரலில் அதே பிளந்த நகம். வண்டியில் ஏற்றும்போது பலூன் கூடை நசுக்கிய விரல், அவளே மருந்து போட்டது. அவள் கத்தவில்லை. வாயைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

“வெதாத். வந்துட்டீங்களா?”

கீழிருந்து அந்த நீண்ட மூச்சு.

அப்போது இடப்பக்கம் ஏதோ பட்டது. இன்னொரு பாதம். சிறியது. குழந்தையுடையது.

வலப்பக்கம் ஒன்று. காய்ந்தது, பாறைத்தூள் உதிர்வது.

பிறகு இன்னொன்று. இன்னொன்று. அவற்றுக்குக் கீழே, இன்னும்.

“யார்கிட்ட அண்ணி பேசுறீங்க?” அடுக்களையிலிருந்து குரல்.

மேசையின் நான்கு பக்கமும் போர்வை மெல்ல இழுபட்டது. குளிரில் வந்து அமர்ந்தவர்கள் மடிமேல் இழுத்துக்கொள்வதுபோல.

அவள் கால்களை எடுக்கவில்லை.