முன்னறை வாடகை

ஜப்பான் மணி ஏழுக்கு இராமலிங்கம் எழுந்தான். வெளியே நல்ல இருட்டு. பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினான். கிணற்றில் இரண்டு வாளி இறைத்தான். ரப்பர் விறகு ஈரமாக இருந்ததால் அடுப்பு புகைந்து புகைந்துதான் பிடித்தது. வெந்நீரில் ஒரு கரண்டி பால்மாவைக் கட்டியில்லாமல் கரைத்தான். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தான். பாலாடையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, தூளித் துணியை விலக்கினான்.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. பாலாடையின் மூக்கை உதட்டில் வைத்தான். வாயை மூடிக்கொண்டது. பால் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குப் போனது. துடைக்கும்போதுதான் கவனித்தான். உதடுகள் ஏற்கெனவே ஈரமாக இருந்தன. வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். தம்மென்று நிறைந்திருந்தது.

நேற்றும் இப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

பாலை வீணாக்க முடியாது. நின்றபடியே அவனே குடித்தான். பிறகு வேலைக்குப் புறப்பட்டான்.

அது எட்டு அறை வீடு. அவன் அப்பா ரயில்வே குத்தகை எடுத்த காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் கட்டியது. பர்மாத் தேக்கு உத்தரம், இத்தாலி ஓடு பாவிய கூடம், கார் நிறுத்தத் தனிக் கொட்டகை. அன்றைக்கு அது பெருமை. இப்போது அது ஒரு வாய். கூரைக்குக் கேட்கும், கரையானுக்குக் கேட்கும், வரிக்குக் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் ஒழுகும். காலி அறை இருப்பது தெரிந்தால் ஜப்பான் அதிகாரிகள் வந்து குடியேறிவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு அப்படிப் போனது. ஆகவே அவன் வீட்டைத் துண்டு துண்டாக வாடகைக்கு விட்டான். பின்னறைகளில் ஒரு வியாபாரியின் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள். காரை ராணுவம் ஓட்டிக்கொண்டு போய்விட்ட கொட்டகையில் அய்யாவு. ரயில்வேயில் பிட்டராக இருந்தவர், இப்போது செம்பனை எண்ணெயும் சாம்பலும் போட்டுச் சவுக்காரம் காய்ச்சினார். அந்த வாடை வீடு முழுக்க நிற்கும். இராமலிங்கம் அலுவலகத்தில் இருக்கும் நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஒரு கையால் சவுக்காரம் கிண்டுவார், மறு கையால் தூளியை ஆட்டுவார்.

முன்னறைதான் வீட்டிலேயே நல்ல அறை. ஒழுகாது. தெருவுக்குத் தனி வாசல் உண்டு. அதற்கு வாடகையாக வந்தது பணம் அல்ல, பால்மாவு டின். குடியிருந்த இராஜம்மா ஜப்பான் அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவினாள். டின்னை எப்படி வெளியே கொண்டுவந்தாள் என்று அவன் கேட்டதில்லை. அவள் புருஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கென்று லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த அறையில்தான் அவன் மனைவி சீதாலெட்சுமி இறந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு. மலேரியா வந்தது. கொய்னா மாத்திரை கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான்.

இராஜம்மாவிடம் அவன் மறைக்கவில்லை. "யாரு சாகாத வீடு எங்க இருக்கு தம்பி?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உள்ளே வைத்தாள்.

அவன் பயந்தது வேறொன்றுக்கு. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அடைப்பு உண்டு என்பார்கள். போனவர் போகமாட்டார். பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்து எடுக்க வேண்டும். அந்த அறையை ஆறு மாதம் யாரும் புழங்காமல் அடைத்துப் போட வேண்டும். அவன் காலேஜில் படித்தவன், அதை நம்பவில்லை. ஆனால் ஊர் நம்பும். அடைப்பு உள்ள வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டார்கள், குழந்தைக்குப் பால் வராது. கோயில் பண்டாரம் வந்து, உயிர் பிரிந்த மணி என்ன என்று கேட்டார். ஏழு என்றான். பண்டாரம் பஞ்சாங்கத்தைப் பார்த்து, "அஸ்வினி வந்துடுச்சு. அடைப்பு இல்ல" என்றார். அன்று அவன் மனைவியைப் பற்றி நினைக்கவில்லை. அறையைப் பற்றித்தான் நினைத்தான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று பெண்கள் கேட்டார்கள். "முருகா என்றாள்" என்று சொன்னான். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

"என்ன தம்பி," என்றார் அய்யாவு அன்று சாயங்காலம், குழந்தையை அவன் கையில் கொடுத்தபடி. "ஊரே எலும்பும் தோலுமா கிடக்கு, இவ மட்டும் நான் காய்ச்சின கட்டி மாதிரி வழுவழுன்னு இருக்கா. தோக்கியோவிலேருந்து இவளுக்குத் தனியா கப்பல் வருதா லா?"

"பகல்ல பால் குடிக்கிறாளா அண்ணே?"

"எங்க குடிக்கிறா? துப்பிடுறா. வயிறு நிறைஞ்சவ எதுக்குக் குடிக்கணும்?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கை காலுதான் சில்லுன்னு இருக்கு. துணி போத்தி விடுங்க."

அடுப்படியில் இராஜம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு தம்பி. டின்னு டின்னா நான் கொண்டாந்து குடுக்கிறேன். நீங்க பூண்டு வச்சிருக்கிறதை எனக்குச் சொல்லல."

"பூண்டா?"

"பாசார் முழுக்கத் தேடியாச்சு, ஒரு பல்லு கிடைக்கல. இங்க விடியக்காலம் விடியக்காலம் நல்லெண்ணெயில பூண்டு வதக்குற வாசம். பிள்ளை பெத்தவளுக்கு வதக்குற மாதிரி. யாருக்கு வதக்குறீங்க? அந்தச் சவுக்காரக்காரருக்கா?"

அவள் சிறிது நேரம் கிழங்கைத் தோலுரித்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்.

"யாரோ என்னைத் தாண்டிப் போறாங்க தம்பி."

"கதவுக்கு நேரா படுக்காதீங்க அக்கா."

"சுவரோரம்தான் படுக்கிறேன். சீலை முகத்துல உரசுது. ஈரச் சீலை."

சீதாலெட்சுமியைக் குளிப்பாட்டி, நனைந்த புடவையோடுதான் கிடத்தினார்கள். அதை இராஜம்மா பார்த்ததில்லை. அப்போது அவள் இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

இராமலிங்கத்துக்குப் பயம் வரவில்லை. பயத்தைவிட மோசமான ஒன்று வந்தது. ஆசை.

மறுநாள் அவன் எழுந்திருக்கும் நேரத்துக்கு முன்பே விழித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி பாயில் கிடந்தான். கூடத்துக் கடிகாரம் தன் பழைய மணியில் ஓடிக்கொண்டிருக்க, ரயில் கொட்டடியில் எங்கோ ஒரு பெட்டி மெல்ல உருண்டு இன்னொன்றில் முட்டி நிற்க, கிள்ளான் ஆற்றுப் பனி ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து சவுக்கார வாடையை நனைத்துக் கீழே அமர்த்த, அந்த வாடைக்கு அடியிலிருந்து, அடுப்பே மூட்டாத வீட்டில், நல்லெண்ணெயில் பூண்டு சிவக்கும் மணம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது. முன்னறைக் கதவு திறக்கும் சத்தம் இல்லை. ஈரத்துணி தரையில் இழுபடும் சத்தம் மட்டும். அது அவன் தலைமாட்டைக் கடந்தது. தூளிக் கயிறு உத்தரத்தில் கிறீச்சிட்டது. பிறகு, மிகச் சிறியதாக, ஒரு குழந்தை விழுங்கும் சத்தம்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடுவாள்.

எல்லாம் அடங்கிய பிறகு தூளிக்குள் கைவிட்டான். துணி ஈரம். குழந்தை கிணற்றுக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. அது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தது.

மாதத் திதி கொடுக்கப் பண்டாரம் வந்தார். இலை போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்த பிறகு தலையைத் தூக்கிக் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து இராமலிங்கத்தின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எது சரி தம்பி?"

"கையில இருக்கிறது தோக்கியோ மணி ஐயா. அது பழைய மணி."

ஜப்பான்காரர்கள் வந்ததும் ஊர் மணியை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அலுவலகம், ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் தோக்கியோ மணிக்குத்தான். சீதாலெட்சுமி மட்டும் கூடத்துக் கடிகாரத்தில் கை வைக்க விடவில்லை. ஜப்பான்காரனுக்குச் சூரியன் முன்னாடியே வரட்டும், எனக்கு வர்ற நேரத்துக்கு வந்தாப் போதும் என்றாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

பண்டாரம் மெல்லக் கேட்டார். "அன்னைக்கு எனக்கு ஏழுன்னு சொன்னது எந்த மணி?"

இராமலிங்கம் கையைத் தூக்கிக் காட்டினான்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கோயில்ல நாங்க இன்னும் பழைய மணிதான் தம்பி. நான் அதை வச்சுத்தான் கணிச்சேன். நீங்க சொல்ற நேரத்துக்கு ரேவதி போகல." யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் குரலை இறக்கினார். "ரேவதிக்கு ஆறு மாசம் அடைப்பு. வாசல் வழியா வேற எடுத்துட்டோம். வாசல் வழியா போனவங்களுக்கு வாசல் தெரியும்."

பிறகு குழந்தையைக் கேட்டார். அதன் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"யாரு இதுக்குப் பால் குடுக்கிறாங்க?"

அவன் முன்னறைக் கதவைப் பார்த்தான்.

"இன்னைக்கே அறையை அடைச்சிடுங்க. உள்ளே ஒரு விளக்கு, ஒரு செம்பு தண்ணி, அவ்வளவுதான். இப்படியே விட்டா இது அந்தப் பக்கத்துப் பிள்ளை ஆயிடும்."

அடுப்படி வாசலில் இராஜம்மா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"வேற அறை தரேன் அக்கா. பின்னாடி மூட்டையெல்லாம் ஒதுக்கிடலாம்."

"வேணாம் தம்பி. செந்தூல்ல தங்கச்சி இருக்கா." கண்ணைத் துடைத்தாள். "டின்னுல இன்னும் பாதி இருக்கு. அதுக்கு மேல என்னை எதிர்பார்க்காதீங்க. எனக்குச் சயாம்ல ஒருத்தர் இருக்காரு. அவர் திரும்பி வர்றப்ப நான் உசுரோட இருக்கணும் லா."

அய்யாவு பலகையும் ஆணியும் கடப்பாரையும் கொண்டுவந்தார். முன்னறையில் விளக்கேற்றினார்கள். செம்பில் தண்ணீர் வைத்தார்கள். தெருக்கதவை உள்ளே தாழிட்டு, கூடத்துக் கதவின் குறுக்கே பலகை வைத்து அடித்தார்கள். அய்யாவு ஒரு வேடிக்கைகூடப் பேசவில்லை. கடப்பாரையைக் கதவருகே மறந்து வைத்துவிட்டுப் போனார். அல்லது மறக்கவில்லை.

விடியற்காலை குழந்தை அழுதது.

பல நாளுக்குப் பிறகு கேட்ட அழுகை. முதலில் அவனுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அடுப்பு மூட்டினான், பால் கரைத்தான், புறங்கையில் சொட்டு விட்டான். குழந்தை துப்பியது. மறுபடி கொடுத்தான். துப்பியது. விரலில் தோய்த்து நாக்கில் தடவினான். அது முகத்தைத் திருப்பி, உடம்பை வில்லாக வளைத்து, முகம் கறுக்கக் கறுக்கக் கத்தியது. தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். அவனுக்குத் தாலாட்டு தெரியாது. சீதாவுக்குத்தான் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடலாமென்றால் பேரும் வைக்கவில்லை, சீதா எழுந்து உட்கார்ந்ததும் வைக்கலாம் என்று இருந்தார்கள். குழந்தையின் குரல் கம்மியது. பிறகு உடைந்தது. பிறகு வாய் மட்டும் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

அந்த அமைதியில்தான் கேட்டது.

அடைத்த அறைக்குள் ஈரத்துணி. இழுபட்டது. நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம்.

தட்டவில்லை. கூப்பிடவில்லை.

குழந்தை தலையைத் திருப்பியது.

பூண்டு மணம். நல்லெண்ணெய். மஞ்சள். அவளுடைய வேர்வை.

கதவடியில் ஏதோ வெள்ளையாக. அடுப்பின் வெளிச்சத்தில் அது நகர்ந்தது. ஓட்டுத் தரையின் கோடு பிடித்து மெல்ல வந்தது. அவன் பாதத்தைத் தொட்டது.

பால்.

குளிர்ந்த பால்.

அங்கே மார்பில் பால் கட்டிப்போய் நிறைந்து வலிக்கிறது, கொடுக்க ஆளில்லாமல் வழிகிறது. இங்கே கையில் குழந்தை பசியால் வெட்டி வெட்டி இழுக்கிறது. நடுவே இரண்டு பலகை. அடித்தது அவன்.

"சீதா," என்றான்.

குழந்தையை ஒரு தோளில் அணைத்தபடி கடப்பாரையை எடுத்தான். முதல் பலகை. இரண்டாவது பலகை. கதவு தானாகவே உள்ளே போனது. விளக்கு அணைந்திருந்தது. செம்பு காலி. கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இருட்டு. அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, குழந்தையை அந்த இருட்டுக்குள் பிடித்தான். பண்டாரம் சொன்னது நினைவிருந்தது. எல்லாம் நினைவிருந்தது.

கைகளிலிருந்து கனம் போனது.

அவன் கையை எடுக்கவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள். வாங்கும்போது ஈரமான விரல்கள் அவன் மணிக்கட்டில், கடிகாரத்தின் மேல், ஒரு கணம் நின்றன.

பிறகு விழுங்கும் சத்தம். அவசர அவசரமாக. பிறகு நிதானமாக. பிறகு, அம்மாவும் பிள்ளையும் மூச்சுவிடும் இடத்தில், ஒரு மூச்சும் இல்லை.

கைகளை நீட்டியபடியே நின்றான். திருப்பித் தருவாள் என்று நின்றான். கையில் ஏழு. கூடத்தில் ஐந்தரை. சூரியன் வர நேரம் இருந்தது.

அன்றைக்கும் இதே இருட்டு. அவள் முருகா என்று சொல்லவில்லை. கண்ணைத் திறந்தாள். கூடத்துக் கடிகாரம் அவளுக்குத் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் தடவிக் கேட்டாள்.

"மணி என்னங்க? பாப்பாவுக்குப் பால் குடுக்கிற நேரம் ஆயிடுச்சா?"